கிறிஸ்தவர் என்ற பெயர்: ஒரு கடைக்காரன் படித்த பழைய கடிதம்

சங்க மலருக்கு இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் சித்தன்னவாசல், சீவக சிந்தாமணி, இல்லாவிட்டால் மேல்சித்தாமூர் மடம், இவற்றில் ஏதாவது ஒன்று வரும் என்று குழுவினர் நினைத்திருப்பார்கள். இம்முறை கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "நயினாருக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டே விட்டார். வேலை இருக்கிறது. அது என் கடையின் பழைய பேரேட்டில் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவன். எங்கள் நயினார் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் பயிர்த்தொழில்தான். மும்பையில் ஜைனர் என்றால் வியாபாரி என்று நினைக்கிறார்களே, அது குஜராத்திகளையும் மார்வாடிகளையும் பார்த்து வந்த நினைப்பு. தமிழ் பேசும் ஜைனர் இருக்கிறார்கள் என்று சொன்னால் இங்கே பாதிப் பேர் நம்பமாட்டார்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு 1977-ல் மாமாவின் பாத்திரக் கடைக்குத் தாராவி வந்தேன். நான் கற்ற வரலாறு முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து படித்தது. அதில் பிழை இருந்தால் பண்டிதர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் தாராவியில் ஆலைத் தொழிலாளிகளும் தோல் பதனிடும் இடங்களில் வேலை செய்தவர்களும் பாங்குக்குப் போகக் கூச்சப்படுவார்கள். மாதம் ஐம்பது, நூறு என்று தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்து வைப்பார்கள். ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். வட்டி கிடையாது, ரசீது கிடையாது. எங்கள் மாமாவிடம் அப்படிக் கொடுத்து வைத்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் நாசரேத்துப் பக்கத்துக்காரர், ஆலையில் நெசவு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குப் போவார். அவர் ஊர்க்காரர்கள் அவரை ‘வேதக்காரர்’ என்பார்கள். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

1982 ஜனவரியில் பம்பாய் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணாச்சி ஊருக்குக் கிளம்பினார். மாமா அப்போது ஊரில் இருந்தார், கடையில் நான்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. "தம்பி, என் பணம் ஆயிரத்து எண்ணூறு இருக்கும்னு நெனைக்கேன், எடுத்துக் குடுங்க. கணக்கு உங்ககிட்ட இருக்குமே" என்றார். பேரேட்டைப் பிரித்தேன். 2,100 என்று இருந்தது. "ஆமா அண்ணாச்சி, சரிதான்" என்று சொல்லி 1,800 எண்ணிக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கும் வழக்கம்போல் சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடித்தேன். அந்த நியமத்தில் எனக்கு ஒரு நாளும் குறை வந்ததில்லை.

இதை இப்போதைக்கு இங்கேயே நிறுத்திவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன்.

‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதிலும் மூன்றே இடத்தில்தான் வருகிறது. இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. ஒரு பாதிரியாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு இடம், பேதுருவின் முதல் கடிதத்தில் ஓரிடம். அந்தியோகியா நகரத்தில்தான் சீடர்களுக்கு முதன்முதல் இந்தப் பெயர் வழங்கியது என்று நடபடிகள் பதினோராம் அதிகாரம் சொல்கிறது. வழங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தங்களைச் சீடர் என்றும், சகோதரர் என்றும், பரிசுத்தவான்கள் என்றும், ‘இந்த மார்க்கத்தார்’ என்றும்தான் சொல்லிக்கொண்டார்கள். பெயரின் பின்பகுதி லத்தீன் விகுதி. இன்னாருடைய கட்சிக்காரன் என்று பொருள்படுவது. ஏரோதின் ஆட்களை ஏரோதியர் என்றது போல, வெளியே இருந்தவர்கள் கொஞ்சம் ஏளனமாகவே ‘கிறிஸ்துவின் ஆட்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

எங்கள் கதையும் இதேதான். பழைய பெயர் நிர்க்கிரந்தர், கட்டு அற்றவர். அசோகன் கல்வெட்டில் நிகண்டர் என்று இருக்கிறது. தமிழில் அமணர், சமணர். இல்லறத்தார் சாவகர். ‘ஜைனர்’ என்பது பின்னால் நிலைத்த பெயர். ஜினர் என்றால் வென்றவர். கிறிஸ்து என்றால் அபிஷேகம் பெற்றவர். இரண்டும் ஆளின் பெயர் அல்ல, பட்டம். ஒரு பட்டத்தின் பின்னால் ஒரு விகுதியை ஒட்டினால் ஒரு சமயத்தின் பெயர் வந்துவிடுகிறது. ஒட்டிக்கொள்வது சுலபம்தான்.

இனி நான் சொல்ல வந்த கடிதம். 1990-களின் நடுவில் ஒரு நாள் ஃபுளோரா ஃபவுண்டன் நடைபாதைக் கடையில் பிளினி என்ற ரோமானியரின் கடிதங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு, அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கிடைத்தது. வெசூவியஸ் எரிமலை வெடித்ததை நேரில் கண்டு எழுதியவர் என்பதற்காக வாங்கினேன். பிளினி வழக்கறிஞர், செல்வந்தர், எதையும் சட்டப்படி செய்ய ஆசைப்படும் மனிதர். டிராஜன் பேரரசர் அவரைப் பித்தினியா, பொந்து என்ற மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பினார். இன்றைய துருக்கியின் வடக்கே, கருங்கடல் ஓரம். அங்கிருந்து தண்ணீர்க் கால்வாய், தீயணைப்புப் படை, குளியல் மண்டபம் என்று எதற்கெடுத்தாலும் பேரரசருக்குக் கடிதம் எழுதிக் கேட்பார். நம் ஊர்க் கலெக்டர்கள் தோற்றார்கள்! அந்த வரிசையில் சுமார் கி.பி. 112-ல், பத்தாம் தொகுதியின் 96-ஆம் கடிதம் கிறிஸ்தவர்களைப் பற்றியது.

அவர் கேட்ட கேள்வி கூர்மையானது. ஒருவர் எந்தக் குற்றமும் செய்யாவிட்டாலும் கிறிஸ்தவர் என்ற பெயர் இருப்பதற்காகவே தண்டிக்க வேண்டுமா, அல்லது அந்தப் பெயரோடு சேர்ந்த குற்றங்களுக்காகத் தண்டிக்க வேண்டுமா? பதில் வருவதற்கு முன்பே மனிதர் வேலையை ஆரம்பித்துவிட்டார். கொண்டுவந்து நிறுத்தியவர்களிடம் "நீ கிறிஸ்தவனா?" என்று கேட்டார். ஆமாம் என்றால், தண்டனையைச் சொல்லி மிரட்டி இன்னும் இரண்டு தடவை கேட்டார். அதற்கும் ஆமாம் என்றவர்களைக் கொன்றுவிட உத்தரவிட்டார். என்ன கொள்கையாக இருந்தாலும் சரி, இந்தப் பிடிவாதத்துக்கே தண்டனை தகும் என்பது அவர் நியாயம். ரோமானியக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் தலைநகருக்கு அனுப்பினார். பிறகு யாரோ பெயர் போடாமல் ஒரு மொட்டைப் பட்டியல் போட்டார்கள். அதில் ஏகப்பட்ட பெயர்கள். இல்லை என்று மறுத்தவர்கள் தெய்வங்களைத் தொழுது, பேரரசர் சிலை முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துக் காட்ட வேண்டும். செய்தவர்களை விட்டுவிட்டார். உண்மையான கிறிஸ்தவரை இதைச் செய்ய வைக்க முடியாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"முன்பு இருந்தோம், விட்டுவிட்டோம்" என்றவர்களும் உண்டு. சிலர் விட்டு இருபது ஆண்டு கூட ஆகியிருந்தது. அப்படி அங்கே என்னதான் செய்தீர்கள் என்று அவர்களை விசாரித்தார். குறிப்பிட்ட ஒரு நாளில் விடியலுக்கு முன் கூடுவோம், கிறிஸ்துவைத் தெய்வம் போல் வைத்து மாறி மாறிப் பாடுவோம், பிறகு ஓர் உறுதிமொழி எடுப்போம் என்றார்கள். ரகசியக் கூட்டம் என்றால் ஏதாவது சதிக்குத்தானே உறுதிமொழி இருக்கும் என்று ஆளுநர் எதிர்பார்த்திருப்பார். அவர்கள் சொன்ன உறுதிமொழி இவ்வளவுதான். திருடமாட்டோம், கொள்ளையடிக்கமாட்டோம், பிறன்மனை நோக்கமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம், நம்மிடம் ஒருவர் கொடுத்து வைத்த பொருளைத் திருப்பிக் கேட்கும்போது இல்லை என்று சொல்லமாட்டோம்.

கடைசி வரியைப் படித்ததும் கல்லாவில் இருந்தபடியே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பதினான்கு வருஷம் கழித்து அண்ணாச்சி கடை வாசலில் வந்து நின்றது போல இருந்தது.

நம்பிக்கை என்ன, ஞானஸ்நானம் உண்டா, எத்தனை புத்தகம் படிக்கிறார்கள் என்று அந்த மக்கள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. சொன்னதில் பாதிக்கு மேல் காசு சம்பந்தப்பட்டது. பாங்கு என்று இன்று நாம் சொல்வது ஏழைகளுக்கு எட்டாத காலம். பயணம் போகிறவன், போருக்குப் போகிறவன், விதவை எல்லாரும் நம்பின ஒருவரிடம்தான் பணத்தைக் கொடுத்து வைக்க வேண்டும். எழுத்து இருக்காது, சாட்சி இருக்காது. வாங்கிக்கொண்டவன் நா பிறழ்ந்தால் தீர்ந்தது. அந்த இடத்தில்தான் அவர்கள் உறுதிமொழியை வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கிறிஸ்தவர் என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்றால், இவரிடம் நம்பிப் பணம் கொடுக்கலாம் என்பதால்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம், ஆதாரம் கேட்கக் கூடாது.

எங்கள் தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தார் விரதங்களும், ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்து மீறல்களும் வருகின்றன. அவற்றில் ஒன்று நியாசாபகாரம். நியாசம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். பூஜ்யபாதர் உரையில் இதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தை நான் சிறுவனாக இருந்தபோதே அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொருளை வைத்தவன் தொகையை மறந்துபோய்க் குறைத்துக் கேட்கிறான்; வைத்திருப்பவன் "ஆமாம், அவ்வளவுதான்" என்று தலையாட்டிவிடுகிறான். அதுதான் நியாசாபகாரம். இன்னொரு நுட்பம், இதைத் திருட்டின் கீழ் வைக்கவில்லை, வாய்மை விரதத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். எடுத்தது கை அல்ல, சொன்னது வாய். நான் சொன்ன வார்த்தையை, எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே ஒரு திகம்பர முனிவர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். படித்திருந்தும் சொன்னேன்.

பிளினிக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. பணிவிடைக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். அளவு மீறிய மூடநம்பிக்கை தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயரைக் கூட அவர் எழுதவில்லை. கடித முடிவில் ஒரு வியாபாரச் செய்தி. வெறிச்சோடிக் கிடந்த கோயில்களுக்கு மறுபடி ஆள் வருகிறது, அதுவரை வாங்குவாரே இல்லாமல் இருந்த பலி இறைச்சி மறுபடி விலை போகிறது என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறார். எனக்கோ அதற்கு முந்தின நிலைமைதான் மகிழ்ச்சியாக இருந்தது, கறிக்கடைக்காரர்கள் மன்னிக்கவும்.

டிராஜன் பதில் சுருக்கமானது. தேடிப் பிடிக்க வேண்டாம். யாராவது கொண்டுவந்து நிறுத்தி, உறுதியானால் தண்டிக்கலாம். மறுத்துத் தெய்வங்களைத் தொழுதால் மன்னிக்கலாம். மொட்டைக் கடிதத்தை எந்த வழக்கிலும் ஏற்கக் கூடாது. கடைசி விதி இன்றைக்கும் நமக்குத் தேவையானது. முதல் விதியைப் பற்றிச் சுமார் 197-ல் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் கேட்டது நியாயமான கேள்வி: குற்றவாளி என்றால் ஏன் தேடக் கூடாது, குற்றமில்லை என்றால் ஏன் தண்டிக்க வேண்டும்? ஆக, பெயரே குற்றம் என்று முடிந்துபோயிற்று. பேதுருவின் முதல் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்: பொந்து, பித்தினியா என்று இதே ஊர்கள் அதன் முதல் வசனத்தில் இருக்கின்றன. கொலைகாரன், திருடன் என்று பேர் வாங்கித் துன்பப்படாதே, கிறிஸ்தவன் என்பதற்காகத் துன்பம் வந்தால் வெட்கப்படாதே என்று நாலாம் அதிகாரத்தில் சொல்லியிருப்பது அந்த மக்களுக்குத்தான். ஆளுநர் கேட்ட கேள்விக்கே அது பதில் மாதிரி இருக்கிறது.

இதே போல இன்னொரு ஏடு. 180-ஆம் ஆண்டு ஜூலை 17, கார்த்தேஜில் நடந்த விசாரணை. வட ஆப்பிரிக்காவில் சில்லி என்ற சிற்றூரிலிருந்து ஏழு ஆண், ஐந்து பெண், பன்னிரண்டு பேர். அவர்களுக்காகப் பேசிய ஸ்பெராத்துஸ் என்பவர் நான் எதையும் திருடியதில்லை, ஏதாவது வாங்கினால் அதற்கு உண்டான வரியைக் கட்டிவிடுகிறேன் என்று ஆளுநரிடம் சொல்கிறார். உயிர் போகிற நேரத்தில் விற்பனை வரியைப் பற்றிப் பேசிய மனிதரை வேறெந்த வரலாற்றிலும் நான் பார்த்ததில்லை! யோசித்துக்கொள்ள முப்பது நாள் தவணை தருகிறேன் என்று ஆளுநர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றே தலை வெட்டப்பட்டது.

எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். 250-ல் தேசியுஸ் பேரரசர் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தச் சான்றிதழ்கள் எகிப்து மணலில் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. 1893-ல் வெளிவந்த முதல் சான்றிதழில் எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர். வலது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளம் கூட எழுதியிருக்கிறார்கள், நம் பத்திர ஆபீஸ் மாதிரியே. முதலைத் தெய்வத்தின் பூசாரியம்மாள் ஒருவரே சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது என்றால் உத்தரவு எவ்வளவு கண்மூடித்தனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். பலர் பலியிடாமலே அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கையால் செய்யவில்லை, காகிதத்தில் மட்டும்தானே என்று சமாதானம். ஆபத்து நீங்கியதும் திரும்பி வந்தார்கள். இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று திருச்சபையே இரண்டாகிற அளவுக்குச் சண்டை. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அவர்களை ஒரேயடியாகத் தள்ளவும் இல்லை, உடனே சேர்க்கவும் இல்லை. ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியாகப் பார்த்து, தவம் செய்ய வைத்துச் சேர்க்கலாம் என்றார். நான் அந்த முடிவின் பக்கம். என் நிலைமையில் வேறு பக்கம் நிற்கவும் முடியாது.

பிறகு காற்று திசை மாறியது. 313-ல் கான்ஸ்டன்டைன் காலத்தில் சுதந்திரம். 380 பிப்ரவரி 27 அன்று தியோடோசியுஸ் பேரரசின் ஆணை. எந்த நம்பிக்கை உடையவர்கள் ‘கத்தோலிக்கக் கிறிஸ்தவர்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம், யார் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது சட்டமே சொல்லிற்று. பிளினி கடிதத்திலிருந்து 268 ஆண்டு. உயிர் கொடுத்தால்தான் சொல்லிக்கொள்ள முடியும் என்றிருந்த பெயர், இனி சொல்லிக்கொள்ளாவிட்டால் தொல்லை என்று ஆயிற்று. அதன் பிறகு அந்தப் பெயரை வைத்து ஒருவரை எடை போட முடியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும், வியாபாரிகளுக்குச் சுவையானது. சென்னை ராஜதானியில் பல்லாரியில் மாத்யூ ஆபிரகாம் என்று ஒருவர் நன்றாகச் சம்பாதித்து 1842-ல் இறந்தார். முன்னோர் இந்துவாக இருந்து மதம் மாறியவர்கள். மனைவி சார்லட் கிழக்கிந்தியர், இப்போது ஆங்கிலோ இந்தியர் என்கிறோமே அந்த வகுப்பு. தம்பி பிரான்சிஸ், நாங்கள் பிரிபடாத குடும்பம், இந்து தர்மப்படி சொத்தில் எனக்குப் பங்கு உண்டு என்றார். அண்ணி மறுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-ல் தீர்ப்பானது. மதம் மாறியவர் பழைய சட்டத்தையும் விட்டுவிடலாம், வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், எதைச் செய்தார் என்பதை அவர் வாழ்ந்த விதத்தைக் கொண்டு பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதனால் என்ன உடை, எப்படிக் கல்யாணம், யாரோடு பழக்கம் என்றெல்லாம் நீதிமன்றம் ஆராய்ந்தது. எங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 1927-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் குமாரசாமி சாஸ்திரி, ஜைனர் இந்து மதத்திலிருந்து பிரிந்தவர்கள் அல்லர் என்று எழுதினார். ஆனாலும் 1956-ன் இந்து வாரிசுச் சட்டம்தான் எங்களுக்கும். 2014 ஜனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினர் என்று அறிவிப்பும் வந்தது. என் பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று வீட்டில் அரை மணி நேரம் விவாதம்.

இனி பேரேடு. பிளினியைப் படித்த பிறகு 1996-ல் அண்ணாச்சியைத் தேடினேன். ஆலைக்கு அவர் திரும்பவே இல்லை. தாராவியில் அவர் ஊர்க்காரர் ஒருவர் விலாசம் கொடுத்தார். 300 ரூபாய், பதினான்கு வருஷம், நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி, வட்டி மட்டும் 504. ஆக 804 ரூபாய் மணியார்டர் அனுப்பி, நடந்ததை ஒளிக்காமல் ஒரு கடிதமும் எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்து அவர் மனைவி சொல்லச் சொல்ல யாரோ பிள்ளை எழுதிய பதில் வந்தது. அண்ணாச்சி மூன்று வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அப்படி ஒரு பாக்கி இருந்ததாக அவர் சொன்னதில்லை, ஆனால் தம்பி எழுதியிருப்பதால் உண்மையாகத்தான் இருக்கும். பணத்தை அவர் பெயரால் கோயில் அசனத்துக்குக் கொடுத்துவிட்டோம். நீங்களும் குடும்பமும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

அசனம் என்றால் அன்னதானம்தானே என்று நிம்மதியாக இருந்தேன். நாசரேத்துப் பக்கத்து நண்பர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார்: ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். என் 804 ரூபாய் எந்த அண்டாவில் போய் விழுந்திருக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த சதுர்த்தசிக்கு உபவாசம் இருந்தேன். அண்ணாச்சி கணக்குக்கு நேரே ‘பைசல்’ என்று எழுதி, அந்தக் கடிதத்தையும் அதே பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.